புளியங்கொட்டைக் கணக்கு

சமூகவியல் படித்தவள் கணக்குப் படிப்பிக்கிறாளாம் என்று எங்கள் பக்கத்தில் சிலர் சிரிப்பதுண்டு. அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கின்றது. பல்கலைக்கழகத்தில் நான் படித்தவை குடும்பம், சாதி, வர்க்கம், பால்நிலை என்பவை. இடையில் புள்ளிவிபரவியல் ஒரு பாடமாக வந்து போனது. அதைத் தவிர, சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு கணக்குக்கும் எனக்கும் பெரிய கொடுக்கல் வாங்கல் இருக்கவில்லை. ஆனாலும் கடந்த ஆறு வருடங்களாகச் சனி, ஞாயிறு பின்னேரங்களில் வன்னியின் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் கணித வகுப்பு நடத்தி வருகின்றேன். படிக்க வருவோரில் பதினாறு வயதுப் பிள்ளையும் உண்டு, அறுபது வயது அம்மாவும் உண்டு.

இந்த வகுப்பு எப்படி ஆரம்பித்தது என்று வாசகியர் சிலர் கேட்டிருந்தீர்கள். வீடு வீடாகச் சென்று குடும்ப விபரம் எடுப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அப்படிப் போகும்போது இரும்புப் பெட்டிக்குள்ளிருந்தும் சுவாமிப் படத்துக்குப் பின்னாலிருந்தும் பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாள்களை எடுத்துக் காட்டுவார்கள். தமிழில் திறமைச் சித்தி, சமயத்தில் திறமைச் சித்தி, வரலாற்றில் சாதாரண சித்தி இருக்கும். கணிதத்துக்கு நேரே ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்து நிற்கும். 100க்கு 35 புள்ளி எடுத்திருந்தால் அந்த எழுத்து ‘எஸ்’ ஆகியிருக்கும். அந்தச் சில புள்ளிகள் இல்லாததால் எத்தனை விண்ணப்பப் படிவங்கள் நிரப்பப்படாமலே போகின்றன! தாதியர் பயிற்சி என்றாலும் ஆசிரியப் பயிற்சி என்றாலும் கணிதத்தில் சித்தியா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பெண்பிள்ளை என்றால் அடுத்த முறை எழுதட்டும் என்று காத்திருக்க வீட்டில் பொறுமையும் இருப்பதில்லை. கையில் தையல் இயந்திரம் கொடுக்கப்படும், இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலைக்கு பஸ் ஏற்றப்படும், அதுவும் இல்லாவிட்டால் கலியாணம் பேசப்படும்.

இரண்டாம் தடவை பரீட்சை எழுதவிருந்த ஏழு பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கினோம். அவர்களைக் கூட்டிவந்த தாய்மார் திண்ணையில் குந்தியிருந்தார்கள். பிறகு அவர்களும் உள்ளே வந்து பின் வாங்கில் இருந்தார்கள். அவர்கள் உள்ளே வந்த பிறகுதான் அது உண்மையான வகுப்பாக மாறியது என்பது என் எண்ணம்.

தாய்மார் எல்லோரிடமிருந்தும் ஒரே வசனத்தைத்தான் கேட்டேன். “எனக்குக் கணக்கு ஓடாது பிள்ளை.” இதைச் சொன்னவர்களில் ஒருவர் காலையில் இடியப்பம் அவித்து விற்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். காரணம் கேட்டால் கணக்கு என்றுதான் சொல்லுவார். ஒரு நாள் அவரிடம் 35 இடியப்பம் வாங்கினேன். ஒன்று 12 ரூபா. தாளுமில்லை, கல்குலேற்றருமில்லை. “பத்து நூற்றியிருபது, முப்பதுக்கு முந்நூற்றியறுபது, ஐஞ்சுக்கு அறுபது, நானூற்றியிருபது பிள்ளை” என்றார். ஐந்நூறு ரூபாவைக் கொடுத்ததும் கழித்துப் பார்க்கவில்லை. 420இலிருந்து 500 வரை மேலே எண்ணி 80 ரூபாவைக் கையில் வைத்தார். பெருக்கலைப் பத்துகளாகப் பிரிப்பது, கழித்தலைக் கூட்டலாக மாற்றுவது ஆகிய இரண்டும் கணித ஆசிரியர்கள் வகுப்பில் கொண்டுவரப் பாடுபடும் விடயங்கள். அதே பெண்ணிடம் கொப்பியில் 35 × 12 என்று எழுதிக் கொடுத்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

இது எங்கள் ஊர்ப் பெண்களின் குறைபாடு என்று நினைத்துவிட வேண்டாம். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரத்துச் சந்தைகளில் தேங்காயும் பழமும் விற்ற சிறுவர்களைப் பற்றி தெரேசினா நூனெஸ் கராஹெரும் அவருடைய சகாக்கள் இருவரும் 1985ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலச் சென்று பொருள் வாங்கினார்கள். கடையில் வைத்துக் கேட்ட கணக்குகளில் 98 வீதம் சரியாக இருந்தது. பின்னர் அதே பிள்ளைகளுக்கு அதே எண்களைக் கொண்டு வசனக் கணக்காகக் கொடுத்தபோது 74 வீதம் சரி. வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது 37 வீதம்தான் சரி. ஒரு காய் 35 என்றால் 10 காய் எவ்வளவு என்று கேட்டபோது ஒரு சிறுவன் பூச்சியம் சேர்க்கவில்லை. மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 210, இன்னும் மூன்றுக்கு 315, கடைசி ஒன்றோடு 350 என்று போனான். பாடசாலை அவனுக்குச் சொல்லிக் கொடுத்த குறுக்குவழியை விட அவனுடைய நீண்ட வழியில்தான் அவனுக்கு நம்பிக்கை இருந்தது. ஆய்வு சிறியது, பிள்ளைகள் ஐந்து பேர்தான். ஆனால் இடியப்பக் கடையின் முன்னால் நின்ற எவரும் அதை நம்ப மறுக்கமாட்டார்கள்.

அதன் பிறகு எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. விடை சரியோ பிழையோ, “இது எப்படி வந்தது?” என்று கேட்பது. சரியான விடைக்கும் கேட்பதுதான் முக்கியம். பிழை விட்டால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வியே பிழை என்பதற்கான சைகை ஆகிவிடும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே அழிறப்பரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பின்னங்களில் இந்தக் கேள்வி நன்றாக உதவியது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் எத்தனை? இரண்டாம் தடவை எழுதும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். தொகுதி எண்களைக் கூட்டி மேலே, பகுதி எண்களைக் கூட்டிக் கீழே. பொது மடங்கு எடுக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்கள். பதினோராம் தடவையும் அதைச் சொல்வதில் என்ன பயன்? ஒரு பிள்ளையிடம், “அரைக் கொத்து அரிசி சட்டியில் இருக்கு. அதுக்கு மேலை இன்னும் கொஞ்சம் போடுறாய். இப்ப சட்டியிலை அரைக் கொத்தை விடக் கூடவா, குறையவா?” என்று கேட்டேன். “கூட.” “ஐந்தில் இரண்டு அரையை விடக் கூடவா?” அவள் தன் கொப்பியைப் பார்த்தாள். ஐந்தில் பாதி இரண்டரை. இரண்டு அதைவிடக் குறைவு. அரிசி போடப் போடக் குறைந்திருக்கின்றது! வகுப்பு முழுவதும் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் தன் விடையைத் தானே பரிசோதிப்பதைக் கண்டேன். விதியை மறந்துவிட்டாலும் விடை ஒத்துவராது என்பதையாவது அவள் கண்டுகொள்வாள்.

பின்னம் என்றால் பயப்படும் நாங்கள் எப்படிப்பட்ட பின்னக்காரரின் வழி வந்தவர்கள் என்பதை ஒரு மாணவியின் அம்மம்மாதான் நினைவுபடுத்தினார். கால், அரை, முக்கால் எல்லோருக்கும் தெரியும். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. காலின் பாதி என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகின்றது. வீசம் பதினாறில் ஒன்று. பழைய எண்சுவடிக் கணக்கில் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, ஐந்து மா கால். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இவற்றை மனப்பாடமாகச் சொன்னார்கள். (அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கக் கூடாதா என்றால், கட்டாயம் கேட்க வேண்டும். அது இன்னொரு மாதத்துக்கான விடயம்.) அம்மம்மா வாய் ஓயாமல் சொல்ல, பிள்ளைகள் கரும்பலகையில் 1/320 என்று எழுதிக் கூட்டிப் பார்த்தார்கள். அன்று பொது மடங்கை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னத்தால் வகுப்பது இதைவிடக் கஷ்டம். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற மந்திரம் எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று எவருக்கும் தெரியாது. லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட நூலில், ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும்படியும் அதற்கு ஒரு கதை சொல்லும்படியும் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களிடம் கேட்டதை எழுதியிருக்கின்றார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 9 பேர்தான் முழுமையாகச் சரியான விடையைக் கண்டார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகச் செய்தார்கள், பெரும்பாலானோர் பொருத்தமான கதையும் சொன்னார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு. அந்தச் சீன ஆசிரியர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்கள். பாடசாலைக் கல்விக்குப் பின் ஆசிரியப் பயிற்சி பெற்று, சின்ன வகுப்புக் கணக்கையே ஆண்டுக்கணக்காகத் துருவித் துருவிப் பார்த்தவர்கள். கணிதப் பட்டம் இல்லாத எனக்கு இது பெரிய தென்பாக இருந்தது.

அந்தக் கணக்கை நான் வகுப்புக்குக் கொண்டுபோனேன். எங்கள் மாதர் சங்கத்தில் மிளகாய்த்தூள் இடித்துப் பொதி செய்கிறார்கள். ஒன்றே முக்கால் கிலோ தூள் இருக்கின்றது, அரைக் கிலோப் பை எத்தனை நிரப்பலாம்? “மூண்டு நிரம்பும்” என்று உடனே பதில் வந்தது. மிச்சம்? “கால் கிலோ.” அப்படியென்றால் விடை மூன்றேகாலா? கரும்பலகையில் தலைகீழாக்கிப் பெருக்கிய பிள்ளைக்கு மூன்றரை வந்திருந்தது. தாய்மார் மூன்றேகால் என்றார்கள், பிள்ளைகள் மூன்றரை என்றார்கள். அரை மணித்தியாலம் ஒரே சத்தம். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில், அதிகம் பேசாத ஒரு தாய் எழுந்து, “மிச்சம் கால் கிலோ சரி. ஆனா பைக்கு அது அரைப் பை எல்லோ?” என்றார். கேள்வி எத்தனை கிலோ என்பதல்ல, எத்தனை பை என்பது. வகுத்தல் என்றால் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதுதான் என்று எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இவ்வளவு தெளிவாக எவரும் எனக்குச் சொன்னதில்லை. படிப்பிப்பதில் எனக்கு ஏதாவது வளர்ச்சி ஏற்பட்டிருந்தால் அது இதுதான்: முதல் வருடத்தில் நான் பேசிய நேரத்தில் பாதிகூட இப்போது பேசுவதில்லை. பேசாமல் இருப்பதற்குத்தான் கூடுதலாக ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கின்றது.

இனிச் சொல்லப்போவது கடன் விடயம். இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் கையில் தவணைப் புத்தகம் இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகின்றேன்.

நுண்கடன் வடக்குக் கிழக்கிலும் வேறு மாவட்டங்களிலும் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்த கதை. 2016இல் நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021 மார்ச் மாதத்தில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எங்கள் கிராமத்தில் தவணை நாளில் கதவைப் பூட்டிவிட்டுக் காணிக்குள் ஒளிந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் எவரும் கணக்குத் தெரியாததால் மட்டும் கடன் எடுத்தவர்கள் அல்லர். போருக்குப் பின் வீடு, கிணறு, வலை, மாடு எல்லாவற்றுக்கும் காசு தேவைப்பட்டது. ஆனால் எவ்வளவுக்கு வாங்கினோம் என்று அவர்களில் பலருக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை.

ஒரு நாள் ஒருவர் கடன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 60,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 12 மாதம், மாதம் 6,200 ரூபா. “இருபத்திநாலு வீதம் எண்டால் நூறுக்கு இருபத்திநாலுதானே மிஸ், பரவாயில்லைத்தானே?” என்று கேட்டார்.

சனசமூக நிலையத்து முற்றத்தில் ஒரு புளியமரம் நிற்கின்றது. பன்னிரண்டு கொட்டைகளைப் பொறுக்கி மேசையில் வைத்தோம். ஒரு கொட்டை 5,000 ரூபா. பன்னிரண்டும் சேர்ந்து 60,000. மாதம் ஒன்று முடியும்போதெல்லாம் ஒரு கொட்டை கடன்காரரிடம் திரும்பிப் போகின்றது. முதல் மாதம் உங்கள் கையில் 12 கொட்டை, இரண்டாம் மாதம் 11, மூன்றாம் மாதம் 10, இப்படியே கடைசி மாதத்தில் ஒன்று. வருடத்துக்கு 24 வீதம் என்றால் மாதத்துக்கு 2 வீதம். ஆகவே ஒரு கொட்டைக்கு ஒரு மாத வட்டி 100 ரூபா. உங்கள் கையில் இருக்கும் கொட்டைக்கு மட்டும் வட்டி கட்டுவதென்றால் மொத்தம் எத்தனை நூறு?

பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது என்று கூட்டத் தொடங்கினார்கள். நடுவில் எண்ணிக்கை பிசகிப் போனது. அப்போது இடியப்பம் விற்பவர்தான், “முன்னுக்குள்ளதையும் பின்னுக்குள்ளதையும் சோடி சேருங்கோவன்” என்றார். பன்னிரண்டும் ஒன்றும் பதின்மூன்று. பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று. ஆறு சோடி. எழுபத்தெட்டு! கூட்டல் விருத்தி என்று பாடப்புத்தகத்தில் வரும் விடயத்தை, எட்டாம் வகுப்போடு நின்றவர் புளியங்கொட்டையில் கண்டுபிடித்தார். 78 நூறு, அதாவது 7,800 ரூபா.

ஆனால் அந்தத் துண்டின்படி கட்ட வேண்டியது எவ்வளவு? 6,200 ரூபாவைப் பன்னிரண்டால் பெருக்கினால் 74,400. கடன் 60,000 போக வட்டி 14,400 ரூபா. மிச்சம் எவ்வளவு இருந்தாலும், முதலில் வாங்கிய 60,000 முழுவதற்கும் ஒவ்வொரு மாதமும் 1,200 ரூபா. கடைசி மாதத்தில் அவர் கையில் இருப்பது ஒரே ஒரு கொட்டை. 5,000 ரூபாவுக்கு ஒரு மாதத்தில் 1,200 ரூபா வட்டி! மேசையில் அந்த ஒற்றைக் கொட்டையையும் அதற்குப் பக்கத்தில் ஓராயிரத்து இருநூறு ரூபாவையும் வைத்துக் காட்டியபோது எவரும் பேசவில்லை. 14,400 ரூபாவை எழுபத்தெட்டுக் கொட்டைக்கும் பங்கிட்டால் ஒரு கொட்டைக்கு 184 ரூபாவுக்கு மேல் வருகின்றது. வருடத்துக்கு 44 வீதம் அளவில். சமமான தவணைக்கு ஏற்ப வங்கிகள் செய்வதுபோல நுணுக்கமாகக் கணித்தால் 42 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். எப்படிப் பார்த்தாலும் 24 அல்ல. துண்டில் 24 என்று எழுதியிருந்ததில் பொய்யும் இல்லை. எதற்கு 24 என்பதுதான் எழுதப்படவில்லை.

ஆகவே கடன் கொடுக்க வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை வீதம் என்பது மட்டுமல்ல. “மிச்சக் காசுக்கு வட்டியா, முழுக் காசுக்கும் வட்டியா?” என்று கேளுங்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முற்கூட்டியே எவ்வளவு கழிக்கப்படும் என்பதையும் கேளுங்கள். கையில் வராத காசுக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கும். இதே துண்டைக் கொண்டுவந்த பெண் இந்தக் கேள்வியைக் கேட்டார். முழுக் காசுக்குத்தான் என்று பதில் வந்தது. அவர் அந்தக் கடனை எடுக்கவில்லை, சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து மிச்சக் காசுக்கு வட்டி கணிக்கும் சிறிய கடன் எடுத்தார். பக்கத்தில் இருந்து அதே கணக்கைச் செய்த இன்னொரு பெண் தெரிந்துகொண்டே அந்தக் கடனை எடுத்தார். மகனுடைய சத்திரசிகிச்சைக்கு அந்தக் கிழமையே காசு தேவைப்பட்டது. வேறு எவரும் ஒரு கிழமைக்குள் கொடுக்கமாட்டார்கள். அவருக்கு நான் என்ன சொல்ல முடியும்? கணக்கு அவருக்கு விலையைக் காட்டியது, வேறு கடையைக் காட்டவில்லை. அந்த வேறு கடையை உருவாக்குவது எங்கள் சங்கங்களின் வேலை, அது கரும்பலகையில் முடியாது.

தாய்மார் வகுப்பில் இருப்பதால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்புப் பெண் ஆசிரியர்களிடம் செய்யப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசிரியைக்குக் கணக்கில் பயம் கூடக்கூட, வருட முடிவில் அவருடைய வகுப்புப் பெண்பிள்ளைகளில் பலர் கணக்கு ஆண்பிள்ளைகளின் பாடம் என்று நம்பத் தொடங்குவதையும் அப்படி நம்பியவர்களின் பெறுபேறு குறைவதையும் கண்டது. ஆண்பிள்ளைகளில் அந்தப் பாதிப்புத் தெரியவில்லை. ஆசிரியையின் பயமே ஒட்டிக்கொள்ளும் என்றால் தாயின் பயத்தைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? மகளின் கொப்பியைப் பார்த்து “நானும் கணக்கிலை மொக்குத்தான்” என்று அன்பாகத்தான் சொல்கிறோம். அவள் அதைச் சீதனம்போல வாங்கிக்கொள்கிறாள்.

முதல் ஏழு பேரில் ஐந்து பேர் சித்தியடைந்தார்கள். ஒருத்தி இப்போது முன்பள்ளி ஆசிரியை. சித்தியடையாத இருவரில் ஒருத்தி கலியாணம் முடித்துப் போய்விட்டாள். மற்றவள் இந்த வருடமும் எழுதப் போகிறாள். அவள் அந்த இடியப்பக்காரரின் மகள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தாய்மார் ஒரு புதிய துண்டு கொண்டுவந்தார்கள். அதே 60,000 ரூபா, அதே 24 வீதம், ஆனால் இரண்டு வருடத் தவணை. மாதத்துக்குக் கட்டும் காசு குறைவு என்பதால் ஆசையாக இருந்திருக்கும். இருபத்திநாலு மாதத்துக்கு இருபத்திநாலு கொட்டை வேண்டும் என்று ஒருவர் பையை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் புறப்பட்டார். “கொட்டை தேவையில்லை அன்ரி” என்றாள் அந்தப் பிள்ளை பின் வாங்கிலிருந்து. “இருபத்தைஞ்சு, இருபத்தைஞ்சாப் பன்னிரண்டு சோடி. முந்நூறு. இப்ப ஒரு கொட்டை இரண்டாயிரத்து ஐந்நூறுதான், அதுக்கு வட்டி அம்பது. பதினையாயிரம் வரவேணும். அவையள் எவ்வளவு கேக்கினம்?”

துண்டில் 28,800 என்று இருந்தது.